வீசம் அங்குலம்

எழும்பூரில் பணம் கட்டி வாங்கிய நகல்
குழாய்க்குள் சுருண்டு பண்ணைக்காடு வந்து சேர்ந்தது.
விரித்தால் சுருளும். நான்கு மூலைக்கும்
மிளகு அளக்கும் படி, செல்போன், சாவிக்கொத்து,
தவசியண்ணனின் முழங்கை.

ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல்.
மலைச்சரிவைப் பொடிக்கோடுகளால் சீவியிருந்தார்கள்,
மழையில் நனைந்த ஆட்டின் முதுகு மாதிரி.
துரைகளின் பங்களாவுக்கெல்லாம் பெயர் இருந்தது.
கோவேறு கழுதை லாயத்துக்கும் இருந்தது.

எங்களிடம் இருந்த ஆதாரம் கொஞ்சம்தான்.
அப்பா மொக்கையன், அவர் அப்பா குப்பாண்டி,
குப்பாண்டியின் அப்பாவும் ஒரு மொக்கையன்.
அதற்கு மேலே ஏணி இல்லை.
பிறகு, எங்கள் வீட்டில் மட்டும் புழங்கும் ஒரு வசவு:
"சடச்சி நின்ன மாதிரி நிக்காதடி."
யார் அந்தச் சடச்சி, எங்கே நின்றாள்,
ஒருவரும் கேட்டதில்லை.
வசவுக்குப் பட்டா யார் கேட்பார்கள்?

ஓடை ஓடையாகப் போய்க்கொண்டிருந்த என் நகம்
மூன்றாம் நாள் ராத்திரி தடுக்கியது.
நீல மயிரிழை ஒன்று. அதன் மேல் சாய்வாக,
ஆங்கில எழுத்தில், தப்பும் தவறுமாக:
சடாச்சீ ஓடை.
பக்கத்தில் ஒரு புள்ளி.

புள்ளியை அளந்தேன். வீசம் அங்குலம்.
வீசம் என்றால் மண்ணில் நூற்றுப் பத்து கெஜம்.
அதற்குள் எத்தனை குடிசை, எத்தனை அடுப்பு,
ஒரு மாட்டுப்பட்டி, ஒரு நாரத்தை மரம்,
முதல் மொக்கையன் பிறந்து விழுந்த பாய்,
எல்லாவற்றின் மேலும் ஏறி
உட்கார்ந்திருந்தது மை.

இருபத்தெட்டு வருடம் பிந்திய தாளில்
புள்ளி இல்லை.
அந்த இடத்தில் வெளிர்பச்சைச் சாயம்,
காட்டிலாகாவின் எல்லைக்கோடு.
ஓடையை மட்டும் விட்டிருந்தார்கள்.
பெயரும் அதன் மேலேயே, அதே சாய்வில்,
நின்றுகொண்டிருந்தது.

அண்ணன் இரண்டு தாளையும் தாலுகா ஆபீசுக்குத்
தூக்கிக்கொண்டு ஓடினான்.
"ஓடையைச் சாட்சிக்குக் கூட்டியாருவியாப்பா?"
கேட்டாராம் துணைத் தாசில்தார், சிரிக்காமல்.
பெரியகுளத்துச் சித்தப்பா போனில் சொன்னார்:
சடச்சி சாமி பேராகவும் இருக்கும்,
மலைக்கு மலை பத்துச் சடச்சி.
இருக்கலாம். எனக்குத் தெரியாது.
ஆனால் சாமி நின்றதற்கு
எங்கள் வீட்டுப் பெண்களை ஏன் திட்ட வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம்.
பழைய கோடுகளை டிரேசிங் காகிதத்தில் எடுத்து
செல்போன் வெளிச்சத்தின் மேல் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டு,
காபிச் செடிகளுக்கு நடுவே நாலு மைல்.
அதாவது நாலு அங்குலம்;
அட்டை கடித்தது அளவுகோலில் வராது.
ஓடை கறுப்பு ரப்பர் குழாய்க்குள் ஓடிக்கொண்டிருந்தது.
குழாயைத் தொடர்ந்து போனால் இரும்புக் கேட்,
உள்ளே மரவீடுகள், நீச்சல் குளம்,
யாரோ குதிக்கும் சத்தம்.

காவலுக்கு ஒடிசாப் பையன்.
சட்டைப் பையின் மேல் தீனபந்து என்று இருந்தது.
கேட்டைத் திறக்காமல் நோட்டை நீட்டினான்.
பெயர். ஊர். வண்டி எண். யாரைப் பார்க்க.

நூலில் கட்டிய பேனாவை இழுத்து எழுதினேன்:
சடச்சி.

விருந்தாளிகள் பட்டியலில் அவன் தேடினான்,
மேலிருந்து கீழே, ஒவ்வொரு பெயராக, விரல் வைத்து.
எனக்கு அந்த விரலைத் தெரியும்.
"இந்தப் பேர் இல்லே மேடம். ரூம் நம்பர் என்னா?"
தெரியலை என்றேன்.
"போன் பண்ணுங்கோ. வெளியே வரும்."

தூறல் விழுந்தது.
காகிதத்தில் ஓடை கரைய ஆரம்பித்தது.
மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.
குழாயின் இணைப்பு ஒன்றில் தண்ணீர் பிசுபிசுத்துக் கசிந்து
செருப்பை நனைத்தது, குளிர்ந்த தண்ணீர்.

"வா, போகலாம்" என்றான் அண்ணன்.
நான் அசையவில்லை.
"பஸ் போயிரும்."
நான் அசையவில்லை.
"என்னடி நீ, சடச்சி நின்ன—"
என்று ஆரம்பித்தவன்
வாயைப் பாதியில் மூடிக்கொண்டு
கேட்டைப் பார்த்தான்.

வெளியே போகிற நேரம் எழுதணும் என்று
பையன் மறுபடி நோட்டை நீட்டினான்.